புகை இல்லாத வண்டியின் ரப்பர் தூசி: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எலெக்ட்ரிக் வண்டி வாங்கியதும் பெட்ரோல் பங்க் பக்கம் போவது நின்றுவிடுகிறது, அங்கே போகாததால் டயருக்குக் காற்று பார்ப்பதும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊர்த் தெருவில் வேண்டுமானாலும் பாருங்கள், நிற்கிற மின் ஸ்கூட்டர்களில் பலவற்றின் பின் டயர் அடியில் பிதுங்கி நிற்கும். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது, புகை வரவில்லை, சார்ஜ் ஏறுகிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த டயர் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் ரப்பரை ரோட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறது, அதில் ஒரு பங்கு நம் மூக்குக்குத்தான் வரும். அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஸ்கூட்டர்காரர்களுக்கு முதலிடம், கார் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் தனியாக ஒரு பகுதி உண்டு.

தொடங்கும் முன்: எவ்வளவு, எங்கிருந்து

டயர் ரோட்டைப் பிடித்துத் தள்ளினால்தான் வண்டி நகரும். அப்படிப் பிடிக்கும்போது ரப்பர் ரோட்டின் மேல் மிகச் சிறிதளவு வழுக்குகிறது, அந்த வழுக்கலில்தான் அழிரப்பர் காகிதத்தில் தேய்கிற மாதிரி துகள் துகளாக உதிர்கிறது. உதிர்வது சுத்த ரப்பர் அல்ல. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், சிலிக்கா, துத்தநாக ஆக்சைடு, கந்தகம் எல்லாம் கலந்த கலவை அது, ரோட்டின் தாரும் கல்பொடியும் அதோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கமென்றால் செம்மண்ணும் சேர்ந்துவிடும்.

ஒரு கார் டயர் தன் வாழ்நாளில் ஏறக்குறைய ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை எடை இழக்கிறது. நான்கு டயரையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு சுமார் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர், போய்வர 17 கிராம் ரப்பர் வழியில் கொட்டியிருக்கும். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2017ல் போட்ட கணக்கில் உலகச் சராசரி ஆளுக்கு ஆண்டுக்கு 0.81 கிலோ டயர் தூள் என்று வந்தது.

இதில் பெரும்பகுதி காற்றில் பறப்பதில்லை. கனமான துகள்கள் ரோட்டிலும் ஓரத்து மண்ணிலும் விழுந்துவிடும், மழை வந்தால் வடிகாலில் போகும். பெரும்பாலான மதிப்பீடுகள் காற்றில் மிதக்கும் பங்கைப் பத்து சதவீதத்துக்குள்தான் வைக்கின்றன. அந்தப் பங்கில்தான் பிஎம் 10, பிஎம் 2.5 என்று சொல்லும் நுண்துகள்கள் இருக்கின்றன, பிஎம் 2.5 நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. இந்தியாவின் காற்றுத்தர வரம்பு பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரியாக கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 5 மைக்ரோகிராம். இடைவெளியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் மின் வண்டி பெட்ரோல் வண்டியைவிட மோசமா? வாட்ஸ்அப்பில் வருகிற "டயர் தூசி புகையைவிட ஆயிரம் மடங்கு" என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். அது டயரிலிருந்து உதிரும் மொத்த எடையையும், நல்ல வடிகட்டி வைத்த புதுக் கார்களின் புகைத்துகள் எடையையும் பக்கத்தில் வைத்துச் சொல்லும் கணக்கு. ரோட்டில் விழுந்து கிடப்பதையும் காற்றில் மிதப்பதையும் ஒன்றாகக் கூட்டினால் எண் பெரிதாகத்தான் வரும். வெறும் துகளைத் தவிர புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் வருகின்றன, மின் வண்டியில் அவை வருவதில்லை.

நிதானமான பதில் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் 2020 அறிக்கையில் இருக்கிறது. டயர், பிரேக், ரோட்டுத் தேய்மானம், மேலெழும் தூசி நான்கையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய பேட்டரி வைத்த எடை குறைந்த மின் கார்கள் அதே வகைப் பெட்ரோல் காரைவிட பிஎம் 2.5 துகளை 11 முதல் 13 சதவீதம் குறைவாகவே விடுகின்றன, பெரிய பேட்டரி வைத்த கனமான மின் கார்கள் 3 முதல் 8 சதவீதம் கூடுதலாக விடுகின்றன. அதாவது வம்பு மோட்டாரில் இல்லை, எடையில்.

நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் ஸ்கூட்டர்கள். பெட்ரோல் ஸ்கூட்டர் 105 முதல் 110 கிலோ இருக்கும், மின் ஸ்கூட்டர் 110 முதல் 125 கிலோ. பின்னால் உட்காரும் ஆளின் எடையோடு ஒப்பிட்டால் இந்தப் பத்துப் பதினைந்து கிலோ ஒன்றுமே இல்லை. ஆகவே ஸ்கூட்டர் டயர் சீக்கிரம் தேய்ந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், காற்று எவ்வளவு இருக்கிறது, கை எப்படி முறுக்குகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் தூசி என்றால் ரோட்டோரச் செம்மண், எரிக்கிற குப்பை, பழைய டீசல் வண்டிகள் எல்லாம் கலந்ததுதான், டயர் தூள் அதில் ஒரு பகுதி. ஆனால் குப்பை எரிப்பதை நிறுத்த ஊரே கூட வேண்டும், டயருக்குக் காற்று வைக்க உங்கள் ஒரு கை போதும்.

படி 1: டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள்

வண்டியை நிழலில் நிறுத்தி, ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடையுங்கள். பல மின் ஸ்கூட்டர்களில் 90/90-12 என்று இருக்கும். அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 12 அங்குலம். அதை ஒட்டி 54 மாதிரி ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் வரும். எண் சுமைக் குறியீடு, 54 என்றால் அந்த டயர் 212 கிலோ தாங்கும். எழுத்து வேக வரம்பு, ஜே என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர்.

அப்புறம் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வண்டி புதிதாக இருந்தாலும் டயர் ஷோரூமிலும் கிடங்கிலும் வெயில் தின்று நின்றிருக்கலாம், பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

கடைசியாக, எத்தனை பாயிண்ட் காற்று என்பது டயரில் இருக்காது. டயரில் போட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டியது அல்ல. வண்டிக்கு வேண்டியது கையேட்டிலும் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும், காரென்றால் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, தனியாள் ஓட்டினால் ஒன்று, இரண்டு பேர் என்றால் ஒன்று என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பஞ்சர் கடையில் கேட்டால் காட்ட வசதி.

படி 2: காற்று, இதுதான் பாதி வேலை

காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் ரோட்டில் அழுந்தும், நடு தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது, சூடான ரப்பர் இன்னும் வேகமாக உதிர்கிறது. போதாததற்கு சார்ஜும் சீக்கிரம் இறங்கும். வண்டி முன்பு போன தூரம் இப்போது போவதில்லை என்று பேட்டரியைக் குறை சொல்பவர்கள் முதலில் டயரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே நம் ஊரில் இருக்கிறது, 1953லிருந்து இயங்குகிறது, லித்தியம் பேட்டரி வேலையும் அங்கே நடக்கிறது. ஆனாலும் காரைக்குடிக்காரர் பேட்டரியைப் பற்றிப் பேசுவதில் கால்வாசிகூட டயரைப் பற்றிப் பேசுவதில்லை.

எப்படிச் செய்வது:

டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், அதாவது காலையில் வண்டியை எடுக்கும் முன், அல்லது நிறுத்தி மூன்று மணி நேரம் கழித்து. வெப்பம் 10 டிகிரி கூடினால் காற்றழுத்தம் ஒன்றரை பாயிண்ட் போல ஏறும். சித்திரை வெயிலில் தேவகோட்டை வரை ஓட்டிவிட்டு நேராகக் கடையில் நிறுத்திக் காற்று பார்த்தால் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும், உள்ளே குறைவுதான். அந்த நேரத்தில் கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடுவது இன்னும் தப்பு.

சொந்தமாக ஒரு காற்றழுத்த மானி வாங்குங்கள். கடைக் குழாயில் இருக்கும் மீட்டர் எத்தனை முறை தரையில் விழுந்ததோ தெரியாது. கையடக்க மின் பம்ப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, அளவை முன்பே அமைத்தால் தானே நின்றுவிடும், சைக்கிள் கால் பம்ப்பிலும் ஸ்கூட்டர் டயருக்கு அடித்துவிடலாம். பங்க்குக்குப் போகாதவர்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. ஓட்டை இல்லாத நல்ல டயரே மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் இழக்கும், ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

பஞ்சர் கடையில் ஒரு பேச்சு வழக்கமாக வரும்: "வெயில் காலம்ணே, ரெண்டு பாயிண்ட் கம்மியா வச்சுக்கங்க, இல்லன்னா வெடிச்சிரும்." வேண்டாம். கையேட்டில் உள்ள அளவே வெயிலில் ஏறும் அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துத்தான் போட்டது. குறைத்து வைத்தால்தான் பக்கச் சுவர் கூடுதலாக மடங்கிச் சூடேறி வெடிக்கும் ஆபத்து. "நம்ம ரோட்டுக்குக் கல்லு மாதிரி அடிச்சாத்தான் நல்லது" என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு சீக்கிரம் மொட்டையாகும், மழையில் பிடியும் குறையும்.

நைட்ரஜன்? கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள், போட்டுவிட்டோம் என்று பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

படி 3: தேய்மானத்தைக் கையால் படியுங்கள்

இது எனக்குப் பிடித்த படி, செலவே இல்லை. டயரின் பட்டன்களுக்கு இடையே பள்ளத்தில் சிறு மேடு ஒன்று இருக்கும், பக்கச் சுவரில் முக்கோணக் குறி அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. காரில் அந்த மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம்.

அடுத்து உள்ளங்கையை டயரின் மேல் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக ஓட்டுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் மீன் செதில் மாதிரி குத்துவதாகவும் இருந்தால் சக்கரம் நேர்கோட்டில் ஓடவில்லை, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. காரென்றால் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பாருங்கள். இப்படி இழுபடும் டயர் நேர் ரோட்டில் மெதுவாகப் போனால்கூடத் தேயும், நீங்கள் எவ்வளவு பொறுமையாக ஓட்டினாலும் பயனில்லை.

இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஆனால் ஸ்கூட்டரில் இதைக் கொஞ்சம் தள்ளிப் படிக்க வேண்டும், ஏனென்றால் காரைக்குடி–திருமயம் மாதிரி நேர் ரோட்டில் தினம் ஓடுகிற ஸ்கூட்டருக்கு நடு தேய்வது இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரச் சாய்வில் கோளாறு. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்ஸோ போயிருக்கலாம்.

ஆழம் அளக்கும் சிறு கருவி ஒன்று கிடைக்கும், வெர்னியரின் வால் பகுதியாலும் அளக்கலாம். இரண்டு டயரையும் அளந்து, ஓடோமீட்டர் எண்ணோடு குறித்து வையுங்கள். ஒரு தோராயக் கணக்கு தருகிறேன். 90/90-12 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.47 மீட்டர். தரையில் படும் அகலம் 70 மில்லிமீட்டர், அதில் பள்ளம் போக எழுபது சதவீதம் ரப்பர் என்று வைத்தால், ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 72 கன சென்டிமீட்டர், எடையில் சுமார் 80 கிராம். ஆக, "பின் டயர் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது" என்றால் 80 கிராம் தூள் நம் தெருக்களில் எங்கேயோ கிடக்கிறது என்று பொருள். எத்தனை கிலோமீட்டரில் அந்த ஒரு மில்லிமீட்டர் போனது என்பதுதான் உங்கள் மார்க். அடுத்த முறை அந்தத் தூரம் கூடியிருந்தால் நீங்கள் ஓட்டுவது சரி.

படி 4: முறுக்கைக் குறையுங்கள்

பெட்ரோல் எஞ்சின் வேகம் பிடித்த பிறகே முழு இழுவை தரும். மின் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையைத் தந்துவிடும். சிக்னல் விழுந்ததும் ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி சீறிப் பாய்வது அதனால்தான், பின் டயர் தேய்வதும் அதனால்தான். டயர் எவ்வளவு விசையைக் கடத்துகிறதோ அவ்வளவுக்கு வழுக்கல் கூடும், உதிரல் அதைவிட வேகமாகக் கூடும். பெரியார் சிலைப் பக்கமோ நூறடி ரோட்டிலோ நின்று பார்த்தால் யார் டயர் ஆறு மாதம் முன்னதாகவே மாற்றப்படும் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

ஊருக்குள் எக்கோ மோடு போதும். செக்காலை ரோட்டிலும் கழனிவாசலிலும் ஸ்போர்ட்ஸ் மோடில் போய் எதைப் பிடிக்கப்போகிறோம்? முதல் இரண்டு மூன்று நொடி மட்டும் மெதுவாகத் திருகுங்கள், வண்டி நகர்ந்த பிறகு கூட்டுங்கள், பெரும்பாலான சேதம் அந்த முதல் நொடிகளில்தான். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கண்ட்ரோல் உள்ள மாடல் என்றால் அதை அணைக்காதீர்கள்.

திருப்பங்கள் இன்னும் மோசம். பக்கவாட்டு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும், 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் முக்கை 30ல் திரும்பினால் விசை இரண்டே கால் மடங்கு. செட்டிநாட்டுத் தெருக்கள் கட்டம் போட்டவை, ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும், அதனால் ஊருக்குள் ஓட்டுவதே செங்கோணத் திருப்பங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள், திரும்பிக்கொண்டே பிரேக் அடிக்காதீர்கள்.

ரீஜென் பிரேக்கைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்புகிறது, பிரேக் ஷூ தேய்வது குறைகிறது, பிரேக் தூசி நன்றாகவே குறையும். ஆனால் டயருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. வண்டியை நிறுத்துகிற விசை எப்படியும் டயர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும், ஸ்கூட்டரில் ரீஜென் பின் சக்கரத்தில் மட்டும்தான், இழுப்பதும் அதுவே தடுப்பதும் அதுவே. பின் டயர் முதலில் மொட்டையாவதில் ஆச்சரியம் இல்லை. கடைசி நேரத்தில் சட்டென்று விடாமல் தூரத்திலேயே பார்த்து மெதுவாக விடுங்கள்.

படி 5: சுமை

சுருக்கமாகவே சொல்கிறேன். எடை கூடக்கூடத் தேய்மானம் கூடும், அது பேட்டரி எடையானாலும் சரி, அரிசி மூட்டையானாலும் சரி. 115 கிலோ ஸ்கூட்டர், இரண்டு பேர் 140 கிலோ, காலடியில் தண்ணீர்க் கேன் 20 கிலோ, மொத்தம் 275, அதில் பாதிக்கு மேல் பின் டயரில். ஆத்தங்குடியிலிருந்து கல் ஏற்றிவர, கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்துவர லோடு ஆட்டோ கூப்பிடுங்கள். இரண்டு பேர் அடிக்கடி போகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கான காற்று அளவையே நிரந்தரமாக வையுங்கள்.

படி 6: கார்காரர்களுக்கு

பேட்டரி எடையின் வினை காரில்தான் நிஜமாகத் தெரியும். ஒரே மாடலின் பெட்ரோல் வடிவத்தைவிட மின் வடிவம் இருநூறு கிலோ அளவுக்குக் கூடுதலாக இருப்பது சாதாரணம். முன் சக்கர இழுவை வண்டிகளில் முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, ரீஜெனும் அதில்தான். அதனால் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை மாற்றிப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள், மழைக்காலம் முடிந்ததும் அலைன்மென்ட் பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் நிற்கும் குழியில் ஒரு தடவை பலமாக இறங்கினாலே கோடு மாறிவிடும்.

டயர் மாற்றும்போது சுமைக் குறியீட்டைக் குறைத்துவிடாதீர்கள். கடைக்காரர் "அதே சைஸ்தான் சார், விலை கம்மி" என்று நீட்டுவார், அளவு ஒன்றாக இருக்கும், குறியீடு 95க்குப் பதில் 91 ஆக இருக்கும். 95 என்றால் டயருக்கு 690 கிலோ, 91 என்றால் 615 கிலோ. வண்டியோடு வந்த குறியீடு எதுவோ அதுவே குறைந்தபட்சம்.

புதிய கார் எடுக்கப்போகிறீர்கள் என்றால், தினசரி ஓட்டம் காரைக்குடி–தேவகோட்டை அளவுதான் என்றால், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் பெரிய பேட்டரி எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள். ஆண்டில் ஓரிரு முறை சென்னை போவதற்காகத் தினமும் அந்த எடையைச் சுமக்கிறோம்.

படி 7: புது டயர் வாங்கும்போது

நம் நாட்டின் பிஎஸ் 6 விதி 2020 ஏப்ரலில் வந்தது, அது புகையை அளக்கிறது, டயர் தூளை அளக்கவில்லை. ஐரோப்பாவின் யூரோ 7 விதிதான் பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் முதன்முதலில் வரம்பு வைத்திருக்கிறது. பிரேக்குக்கு மின் காரென்றால் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், மற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 7. ஆகவே இங்கே கடையில் "இது தூசி குறைவான டயர்" என்று யாராவது சொன்னால் எந்த அளவுகோலில் என்று கேளுங்கள்.

எரிசக்தி சேமிப்பு லேபிள் உள்ள டயர் சார்ஜை மிச்சப்படுத்தும், அது உருளும்போது வரும் எதிர்ப்பைப் பற்றிய அளவு. தேய்மானம் வேறு விஷயம், இரண்டும் எப்போதும் சேர்ந்து போவதில்லை. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ரொம்ப நாள் உழைக்கும் கெட்டி ரப்பர் ஈர ரோட்டில் காலை வாரலாம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பெய்யும்போது ஈரப் பிடிதான் முக்கியம், தூசியைக் குறைக்கிறேன் என்று அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் மாடலுக்கு நிறுவனம் பரிந்துரைக்கும் டயர், கண்ணால் பார்த்துச் சரிபார்த்த தயாரிப்பு வாரம், அவ்வளவு போதும். மதுரை ரோட்டில் மேலூர் தாண்டி வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலையே இருக்கிறது, இரு சக்கர வண்டி டயருக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, பழைய சரக்கை ஏன் எடுக்க வேண்டும்?

ரப்பரோடு நமக்கு உறவு புதிதல்ல என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும் தோட்டமே வாங்கியும் நகரத்தார் சம்பாதித்த பணம் இங்கே எத்தனையோ வளவுகளில் பர்மாத் தேக்குத் தூண்களாக நிற்கிறது.

படி 8: வீட்டு வாசலிலும் ஊருணியிலும்

ரோட்டை ஒட்டிய வீட்டின் முகப்பில் கருப்பாகப் படிவதில் டயர் தூளும் உண்டு. அதை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்தது மறுபடி காற்றுக்கு ஏறும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள், உள்ளே ஈரத்துணியால் துடையுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஆச்சிமார் இதை எப்போதோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். லாரி பின்னால் நெடுநேரம் போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது.

ரோட்டோரம் டயரை இறக்கி மண்ணில் ஓட்டுவதைத் தவிருங்கள். படிந்து கிடக்கிற தூள் செம்மண்ணோடு சேர்ந்து மேலே எழும்பும், பின்னால் வருபவர் அதைச் சுவாசிப்பார்.

இனி தண்ணீர். செட்டிநாட்டு ஊர்கள் மழைநீரை ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி கட்டப்பட்டவை, கூரையிலும் தெருவிலும் விழுவது வாய்க்கால் வழியாகப் போய் நிறையும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டின் மேல் விழும் முதல் மழை, அதுவரை படிந்த தூளையும் எண்ணெயையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். டயரில் விரிசல் வராமல் காக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி உண்டாகும் ஒரு வேதிப்பொருள்தான் அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020ல் கண்டுபிடித்தார்கள். எல்லா மீனுக்கும் அப்படி ஆவதில்லை, சம் சால்மன் என்ற அதன் உறவுக்கார மீனுக்கே ஒன்றும் ஆகவில்லை. அதனால் நம் ஊருணியைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் ரோட்டுத் தண்ணீர் வெறும் மழைநீர் அல்ல என்பது நினைவில் இருக்கட்டும்.

செய்யக்கூடியது: வாய்க்கால் ஊருணியில் விழும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் குழி. ரோட்டுத்தூளோடு ஒட்டிய டயர் துகள்கள் தண்ணீரைவிட எடை கூடியவை, ஓட்டம் நின்ற இடத்தில் பெரிய துகள்கள் அடியில் தங்கிவிடும். ஊர்க்கூட்டத்தில் சொல்லி ஐப்பசி மழைக்கு முன் குழியை அள்ளச் சொல்லுங்கள், அள்ளிய வண்டலைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். முதல் மழைத் தண்ணீரை ஊருணிக்கு விடாமல் திருப்பிவிட மடை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வண்டியை ஊருணிக் கரையில் கழுவவே கூடாது.

படி 9: கழற்றிய டயர்

மாற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். 2022 ஜூலையில் வந்த விதிப்படி, விற்ற டயருக்கு ஈடாகப் பழைய டயர் மறுசுழற்சி ஆவதற்கு டயர் தயாரிப்பாளர்களும் இறக்குமதி செய்பவர்களும் பொறுப்பேற்க வேண்டும், கடையில் சேர்கிற டயர் அந்த வழியில் போக வாய்ப்பாவது உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மார்கழி கடைசிவரை மூலையில் கிடந்துவிட்டுப் போகிக்குத் தெருவில் எரியும். வருடம் முழுக்கக் காற்று பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு காலையில் கரியும் கந்தகப் புகையுமாகப் போய்விடும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் டயர் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது சும்மா இல்லை.

கடைக்காரர் எடுக்கவில்லை என்றால் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டுவேன், செடி வைப்பேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அடியில் நாலைந்து இடத்தில் ஓட்டை போட்டுவிடுங்கள், ஏனென்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்கு டயருக்குள் தேங்கும் மழைத்தண்ணீர் கொஞ்சம் இருந்தால் போதும்.